வாசகர் கேள்வி: லேசர் டயோட்டுக்குப் பற்றரியை நேரே கொடுக்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர் ஒருவர்): நான் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவன். ஒளியின் தலையீட்டுக் கோலத்தை (ஒளி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டாக்கும் ஒளி, இருள் வரிகளை) வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசையில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 650 நனோமீற்றர், 5 மில்லி வாற்று என்று சொல்லி விற்ற சிவப்பு லேசர் டயோட்டுகள் இரண்டை வாங்கினேன். ஒன்றைப் பழைய டோர்ச் ஒன்றின் உடலுக்குள் பொருத்தி, அதிலிருந்த 3.7 வோல்ற்று லித்தியம் பற்றரியை நேரே கொடுத்தேன். சில விநாடிகள் மிகப் பிரகாசமாக எரிந்தது. அதன் பிறகு மங்கிய சிவப்பு ஒளி மட்டுமே வருகிறது. இரண்டாவதை எப்படி இணைத்தால் பழுதாகாது? கையில் பிடித்துப் பயன்படுத்தும்போது கண்ணுக்கு ஆபத்து வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கண்ட அந்தச் சில விநாடிப் பிரகாசந்தான் டயோட்டைக் கொன்றது. லேசர் டயோட்டின் உள்ளே இருப்பது உப்புக்கல் அளவேயான ஒரு குறைகடத்தித் துண்டு. அதன் இரு ஓரங்களும் கண்ணாடிபோல் வேலை செய்ய, ஒளி அவற்றுக்கிடையே போய்வந்து வலுப்பெற்று ஓர் ஓரத்தால் வெளியேறுகிறது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால், உள்ளே உருவாகும் ஒளியின் செறிவே அந்த ஓரத்தை உருக்கிவிடும். ஓரம் கெட்ட பிறகும் குறைகடத்தி ஒளிர்வதை நிறுத்துவதில்லை. ஆனால் அது இனிச் சாதாரண எல்.ஈ.டி. மட்டுமே, லேசர் அல்ல. இந்தச் சேதம் ஏற்பட விநாடிகள்கூடத் தேவையில்லை. ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைந்த நேர மின்னோட்டத் துடிப்பே போதும். ஆகவே வயர் இணைப்பைத் திட்டமிடும்போது, எரியும் நேரத்தில் எவ்வளவு பாய்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. சுவிட்சைப் போடும் கணத்திலும், வயர் தளர்ந்து மீண்டும் தொடும் கணத்திலும், சோல்டரிங் அயன் காலைத் தொடும் கணத்திலும் எவ்வளவு பாயும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டோர்ச்சில் இருந்த பழைய இழைக் குமிழுக்குப் பற்றரியை நேரே கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றலாம். இழை சூடாகச் சூடாக அதன் தடை கூடுவதால், குமிழ் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. டயோட் இதற்கு நேர்மாறானது. அதன் குறுக்கே உள்ள வோல்ற்றளவு சிறிது கூடினாலே மின்னோட்டம் பல மடங்கு பெருகும். மின்னோட்டம் பெருகினால் சூடேறும். சூடேறினால் அதே மின்னோட்டத்துக்குத் தேவையான வோல்ற்றளவு குறையும். எனவே அதே பற்றரி இன்னும் அதிக மின்னோட்டத்தைத் தள்ளும். உங்கள் சிவப்பு டயோட்டுக்குச் சுமார் 2.3 வோல்ற்றும் 30 மில்லி அம்பியரும் போதும். பற்றரியின் மேல் 3.7 என்று அச்சிட்டிருந்தாலும், முழுமையாக மின்னேற்றிய நிலையில் அது 4.2 வோல்ற்றைத் தரும். சந்தையில் கிடைக்கும் சாவிக்கொத்து லேசர்களில் மூன்று பொத்தான் கலங்கள் 4.5 வோல்ற்றைக் கொடுத்தும் டயோட் பிழைத்திருப்பதற்குக் காரணம், அங்கே ஒரு சிறிய தடையி இருப்பதும், அந்தக் கலங்களால் இயல்பாகவே அதிக மின்னோட்டம் கொடுக்க முடியாமையுமாகும். அதே லேசருக்குக் கலங்களுக்குப் பதிலாக வேறு மின்வழங்கலைப் பூட்டிப் பார்த்து அதைக் கெடுத்துக்கொண்டவர்கள் அநேகர்.

எனவே டயோட்டுக்கும் பற்றரிக்கும் நடுவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மிக எளிதானது ஒரு தடையி. பற்றரியின் உச்ச வோல்ற்றளவான 4.2 இலிருந்து டயோட்டின் 2.3 ஐக் கழித்தால் 1.9, அதை 0.030 அம்பியரால் வகுத்தால் 63 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 68 ஓம். அதைப் போட்டால் உச்சத்தில் 28 மில்லி அம்பியர் பாயும். கணக்கை எப்போதும் உச்ச வோல்ற்றளவுக்கே செய்யுங்கள். பற்றரியின் மேல் அச்சிட்ட எண்ணை வைத்துச் செய்வதே பெரும்பாலானோர் விடும் பிழை. இம்முறையின் குறை என்னவென்றால், பற்றரி 3.7 வோல்ற்றுக்கு இறங்கும்போது மின்னோட்டம் 21 மில்லி அம்பியருக்கும் கீழே வந்துவிடும். லேசராக மாறுவதற்கான நுழைவாய் மின்னோட்டம் இவ்வகைச் சிறிய சிவப்பு டயோட்டுகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லி அம்பியருக்குள் இருப்பதால், பற்றரி பாதி தீருமுன்பே உங்கள் லேசர் வெறும் சிவப்பு விளக்காகிவிடக்கூடும். கெடுவதானாலும் பாதுகாப்பான பக்கமாகவே கெடுகிறது என்பதால், முதல் முயற்சிக்கு இதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

சீரான ஒளி வேண்டுமென்றால் எல்.எம். 317 என்ற மூன்று கால் சிப்பை மாறா மின்னோட்ட மூலமாகப் பயன்படுத்தலாம். அதன் வெளியீட்டுக் காலுக்கும் சீராக்கும் காலுக்கும் இடையே ஒரு தடையியைப் போட்டு, சீராக்கும் காலிலிருந்து டயோட்டுக்கு வயரை எடுக்க வேண்டும். சிப் அந்தத் தடையியின் குறுக்கே எப்போதும் 1.25 வோல்ற்றை வைத்திருக்கும் ஆதலால், 1.25 ஐத் தடையியின் பெறுமானத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 47 ஓமுக்குச் சுமார் 27 மில்லி அம்பியர், 39 ஓமுக்குச் சுமார் 32. முதலில் 47 ஐப் போடுங்கள். மாறும் தடையி வைக்க விரும்பினால், அதைத் தனியே வைக்காமல் 39 ஓம் நிலையான தடையியோடு தொடராக இணையுங்கள். இல்லாவிட்டால் திருகைத் தவறுதலாக ஓரம் வரை திருப்பும்போது டயோட் அந்தக் கணமே போய்விடும். இந்தச் சிப்புக்கும் தடையிக்கும் சேர்த்து மூன்று வோல்ற்றுக்கு மேல் செலவாவதால் மொத்தம் 6 வோல்ற்றாவது வேண்டும். உங்கள் ஒற்றை லித்தியம் கலம் இதற்குப் போதாது. 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று தாராளமாகப் போதும். இந்த மின்னோட்டத்தில் சிப் அதிகம் சூடேறாது. ஆனால் அதன் முதுகிலுள்ள உலோகத் தகடு வெளியீட்டுக் காலோடு தொடர்புடையது என்பதால் டோர்ச்சின் உலோக உடலில் படாதவாறு மூடிவிடுங்கள்.

சுற்றைக் கட்டி முடித்ததும் டயோட்டைப் பூட்டும் அவசரம் வரும். அதை அடக்கிக்கொண்டு, முதலில் அதற்குப் பதிலாகப் போலிச் சுமை ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். 1என்4007 என்ற சாதாரண சிலிக்கன் டயோட்டுகள் மூன்றைத் தொடராக வைத்தால் அவை லேசர் டயோட்டின் வோல்ற்றளவைக் கிட்டத்தட்ட ஒத்திருக்கும். அவற்றோடு 10 ஓம் தடையி ஒன்றையும் தொடராகச் சேர்த்து, அதன் குறுக்கே மல்டிமீற்றரை வையுங்கள். 0.27 வோல்ற்று காட்டினால் 27 மில்லி அம்பியர் பாய்கிறது. சுவிட்சைப் பல தடவை போட்டு அணைத்து, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்பே மேலே செல்லுங்கள். லேசர் டயோட்டை வைத்தே சுற்றைச் சோதிப்பதைவிட இது மிக மலிவு.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது அற்பமான கேள்வி போலத் தோன்றும்; ஆனால் டயோட்டுகள் பல இறப்பது இதில்தான். மாறா மின்னோட்டச் சுற்றுக்கும் டயோட்டுக்கும் நடுவே சுவிட்சை வைத்தால், அது திறந்திருக்கும் நேரத்தில் சுற்றின் வெளியீடு பற்றரியின் வோல்ற்றளவை நோக்கி ஏறிக் காத்திருக்கும். சுவிட்ச் மூடிய கணத்தில் அவ்வளவும் டயோட்டின் மேல் கொட்டும். சுவிட்ச் பற்றரிக்கும் சுற்றுக்கும் நடுவேதான் இருக்க வேண்டும். டயோட்டுக்குச் செல்லும் வயர்கள் வெறுமனே முறுக்கியவையாக இல்லாமல், ஈயம் வைத்து ஒட்டியவையாக இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையில் வசிக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உப்புக் காற்றில் டோர்ச்சின் அடிச் சுருளி கறுத்துப் பச்சை படர்ந்திருந்தால், அசைக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். அதை மணல்தாளால் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள்; இன்னும் நல்லது, சுருளியையே மாற்றிவிடுங்கள். டயோட்டின் இரு கால்களுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும், மறுபக்கமாகத் திருப்பிய 1என்4148 டயோட் ஒன்றையும் நிரந்தரமாக ஒட்டிவிட்டால், முன்னையது சிறு துடிப்புகளை விழுங்கும். பின்னையது பற்றரியைத் தலைகீழாகப் போட்டாலும் காப்பாற்றும். லேசர் டயோட் தாங்கக்கூடிய பின்முக வோல்ற்றளவு பெரும்பாலும் 2 வோல்ற்று அளவே என்பதால் இந்தக் காப்பு அவசியம்.

ஈயம் வைக்கும் வேலைக்கு வருவோம். நிலைமின்னால் டயோட் கெடும்போது அதை நம் விரல் அறிவதேயில்லை. சுமார் 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த பொறியை மனிதர் உணர்வது அரிது. கொழும்பின் ஈரக்காற்று இதில் நமக்கு ஓரளவு துணை. ஆனால் குளிரூட்டிய அறையில், பொலியெஸ்தர் சட்டையோடு, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு வேலை செய்தால் அந்தத் துணையும் இல்லை. டயோட்டைப் பொதியிலிருந்து எடுத்தவுடன் அதன் கால்கள் மூன்றையும் மெல்லிய வெற்றுச் செம்புக் கம்பியால் சேர்த்துச் சுற்றிவிடுங்கள். எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு கடைசியாக அந்தக் கம்பியை எடுங்கள். நம் வீடுகளில் இரண்டு முள் பிளக்கோடு வரும் மலிவான சோல்டரிங் அயனை, மூன்று துளைச் சொக்கற்றின் மேல் துளைக்குள் பேனையைக் குத்தித் திறந்து செருகும் வழக்கம் உண்டு. அப்படிச் செருகிய அயனுக்குப் புவித்தொடுப்பு இல்லை; அதன் முனையில் கசியும் மின்னழுத்தம் உங்களுக்குச் சுள்ளென்று கூட இராது, டயோட்டுக்கோ அதுவே போதும். புவித்தொடுப்புள்ள அயன் கிடைக்காவிட்டால், நன்றாகச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு, சூடு ஆறுமுன் ஒட்டுங்கள். ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வேண்டாம்.

கால்கள் மூன்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒன்று லேசருக்கு, ஒன்று உள்ளேயே இருந்து ஒளியை அளக்கும் ஒளி டயோட்டுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொது. அளக்கும் கால் உங்கள் சுற்றுக்குத் தேவையில்லை, சும்மா விடலாம். பொதுக் கால் உலோகக் கூட்டோடு தொடர்புடையது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அது சில வகைகளில் நேர்முனை, சில வகைகளில் எதிர்முனை. டோர்ச்சின் உடல் பெரும்பாலும் பற்றரியின் எதிர்முனை. ஆகவே கூடு நேர்முனையாக உள்ள டயோட்டைப் பித்தளைப் பிடிக்குள் அழுத்தி, அந்தப் பிடியை உடலுக்குள் தள்ளினால், உங்கள் சுற்றில் குறுக்குத்தொடுப்பு உண்டாகும். பிடியைச் சுற்றி வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். டயோட்டின் தரவுத்தாளை மாதிரி எண்ணை வைத்துத் தேடிப் படிக்காமல் எந்தக் காலையும் ஊகிக்க வேண்டாம்.

முதன்முறை எரிய விடும்போது, பற்றரியை இணைக்குமுன் டயோட்டின் முன்னே பளபளப்பில்லாத ஒரு கறுப்பு அட்டையை வையுங்கள். நுழைவாய்க்குக் கீழே அட்டையில் பரவலான, மழுமழுப்பான சிவப்பு மட்டும் தெரியும். மின்னோட்டம் நுழைவாயைத் தாண்டியதும் பிரகாசம் சட்டென எழும்; புள்ளிக்குள் மணல் தூவியதுபோல மினுமினுக்கும் துகள்கள் தோன்றும்; தலையை அசைத்தால் அவையும் அசையும். அதுதான் லேசர் ஒளி பிறந்ததற்கான அடையாளம், அதுவே தலையீட்டின் முதல் காட்சியும்கூட. அதற்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். வெப்பம் கூடினால் நுழைவாயும் கூடும் என்பதால், கொழும்பின் நண்பகல் வெக்கையில் ஒளி மங்கியதென்று மின்னோட்டத்தைக் கூட்டி வைத்து, அதை நுவரெலியாவின் காலைக் குளிருக்குக் கொண்டுபோனால், அதே மின்னோட்டம் டயோட் தாங்க முடியாத ஒளியை உண்டாக்கும்.

இனிக் கண். லேசரின் சமாந்தரக் கதிரைக் கண்வில்லை விழித்திரையில் மைக்ரோமீற்றர் கணக்கான ஒரு புள்ளியில் குவிக்கிறது. கருமணியில் விழும்போது இருந்த செறிவு அங்கே சுமார் ஒரு இலட்சம் மடங்காகிறது. ஐ.ஈ.சி. 60825 என்ற சர்வதேச நியமத்தின்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லி வாற்றுக்கு உட்பட்டவை 2 ஆம் வகுப்பு. இமை தானாக மூடிக்கொள்ள ஆகும் கால் விநாடி நேரம் அங்கே காப்பாகக் கொள்ளப்படுகிறது. 5 மில்லி வாற்று வரை 3ஆர். அதற்கு மேல் 500 மில்லி வாற்று வரை 3பி, அதையும் தாண்டினால் 4 ஆம் வகுப்பு. கடைக்காரர் சொல்லும் 5 என்ற எண்ணை நம்ப வேண்டாம்: அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவகம் 122 கைலேசர்களை அளந்து 2013 இல் வெளியிட்ட முடிவில், சிவப்பில் 44 சதவீதமும் பச்சையில் 90 சதவீதமளவும் விதித்த எல்லையை மீறியிருந்தன. தலையீட்டுப் பரிசோதனைக்கு 1 மில்லி வாற்றே அதிகம். இருட்டறையில் நுழைவாய்க்குச் சற்று மேலே நிறுத்தினால் கோலம் தெளிவாகத் தெரியும்.

கையில் பிடிக்கும் கருவிக்கு, அழுத்திக்கொண்டிருக்கும் வரை மட்டும் எரியும் பொத்தானை வையுங்கள்; போட்டால் நிற்கும் சுவிட்ச் வேண்டாம். கை வழுக்கி விழுந்தாலும் அணைந்துவிடும். பரிசோதனையின்போதோ அதைக் கையில் பிடிக்காமல் மேசையில் இறுக்கி, கதிரையில் இருப்பவரின் கண் மட்டத்துக்குக் கீழே கதிர் செல்லுமாறு வைத்து, அது போய் முடியும் இடத்தில் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். யன்னல் கண்ணாடி, கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கதிரின் வழியிலிருந்து அகற்றுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் பற்றரியைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): பழுதான டி.வி.டி. ரைட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய டயோட் என்னிடம் உள்ளது. அதையும் இதே முறையில் இணைத்துக் கைலேசர் செய்யலாமா? கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டால் போதுமா?

பதில்: சுற்று வேலை செய்யும்; கைலேசராகச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். எழுதும் வகை டி.வி.டி. டயோட்டுகள் 100 மில்லி வாற்றுக்கு மேலும் தரக்கூடியவை. அவை 3பி வகுப்பு. அங்கே இமை மூடும் கால் விநாடி காப்பாற்றாது, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிரும் நேர்க்கதிரைப் போன்றதே. அதோடு அந்தக் கருவியில் சீ.டி.க்கான 780 நனோமீற்றர் அகச்சிவப்பு டயோட்டும் இருக்கும். நீங்கள் கழற்றியது அதுவாக இருந்தால், பார்வைக்கு ஒன்றும் எரியாததுபோலத் தோன்றும்; எரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் கண் கெடும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி எந்த லேசருக்கும் காப்பு அல்ல. லேசர் கண்ணாடியில் அது தடுக்கும் அலைநீளமும் ஒளியடர்த்தி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். எண் 4 என்றால் அந்த அலைநீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வரும். பச்சைக்கான கண்ணாடி சிவப்பைத் தடுக்காமல் விடக்கூடும்.

கேள்வி (தெஹிவளை வாசகி): சிவப்பைவிடப் பச்சை லேசர் நன்றாகத் தெரிகிறதே, என் மகனுக்குப் பச்சை டயோட் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: 532 நனோமீற்றர்ப் பச்சை, அதே வலுவுள்ள 650 சிவப்பைவிட எட்டு மடங்களவு பிரகாசமாகக் கண்ணுக்குத் தோன்றும், அதனால் அது அதிக வலுவுள்ளது என்று பொருளல்ல. மலிவான பச்சைக் கைலேசர்கள் பலவற்றில் பச்சை டயோட்டே இல்லை. 808 நனோமீற்றர் அகச்சிவப்பு டயோட் ஒன்று ஒரு பளிங்கைத் தூண்டி 1064 நனோமீற்றர் ஒளியை உண்டாக்க, இன்னொரு பளிங்கு அதை 532 ஆக மாற்றுகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முன்னால் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டவையும் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றில் பச்சை மங்கலாக இருந்தாலும் காணாத ஒளி பலமாக வரலாம். மாணவனுக்குச் சிவப்பே போதும். இரத்மலானைப் பக்கம் தாழப் பறக்கும் விமானத்தை நோக்கி மொட்டை மாடியிலிருந்து அதைப் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். விமானியின் முன் கண்ணாடியில் கதிர் சிதறி முழுக் கண்ணாடியையும் ஒளியால் நிரப்பிவிடும்.

கேள்வி (அதே வாசகி): தவறுதலாகக் கண்ணில் பட்டுவிட்டால்?

பதில்: விழித்திரைக்கு வலி தெரியாது, ஆகவே நோவில்லை என்பதை வைத்துச் சேதமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டக் கொப்பியின் கோடுகளைப் பாருங்கள். கோடு வளைந்தோ நடுவில் கரும்புள்ளியோடோ தெரிந்தால், அல்லது பட்டது வலுவான லேசர் என்றால், அன்றைக்கே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): கைத்தொலைபேசிச் சார்ஜரின் 5 வோல்ற்றைக் கொடுக்கலாமா?

பதில்: தடையி சேர்த்தும் கொடுக்க வேண்டாம். மலிவான சார்ஜர்களின் வெளியீட்டில் கூரிய துடிப்புகள் இருக்கும். செருகும்போதும் கழற்றும்போதும் அவை பெரிதாகும். பற்றரியே சுத்தமான மூலம்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகரின் பின்குறிப்பு): மங்கிப்போன முதல் டயோட்டுக்கு மின்னோட்டத்தைக் கூட்டினால் பழைய பிரகாசம் திரும்புமா?

பதில்: திரும்பாது. மணல் தூவிய துகள்கள் தெரியாமல் மழுமழுப்பான சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் ஓரம் போய்விட்டது. கூட்டும் மின்னோட்டம் பெரும்பாலும் சூடாகவே போகும். அதைப் போலிச் சுமையாக வைத்து அடுத்த சுற்றைச் சோதிக்கலாம். அதன் வில்லையையும் பித்தளைப் பிடியையும் கழற்றி, மென்மையான துணியால் துடைத்து, இரண்டாவது டயோட்டுக்குப் பயன்படுத்துங்கள்.